மேலே பச்சைப் புல், கீழே குட்டை!

களிமண் வீடுகளில் பிளாஸ்டிக் புல் விரித்தால் தண்ணீர் வடிந்துவிடுமா?
அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

சென்னை:

இரண்டு மழை பெய்தால் போதும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் வாசல் கேட்டைத் திறக்க வேண்டும்.

மேற்கு மாம்பலம், தி.நகர், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் பக்கம் தனி வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. மழை நின்று இரண்டு நாள் ஆகியிருக்கும். தெருவில் தண்ணீர் வடிந்திருக்கும். ஆனால் காம்பவுண்டு சுவருக்குள் மட்டும் சேறும் சகதியும் அப்படியே கிடக்கும். கொசு மொய்க்கும். பிள்ளைகள் வழுக்கி விழும்.

இந்தத் தொல்லைக்குக் கைகண்ட மருந்து என்று கடைத்தெருவில் ஒரு சரக்கு விற்பனையாகிறது. அதுதான் பிளாஸ்டிக் புல். சுருள் சுருளாக வருகிறது. பாய் விரிப்பது போல விரித்துவிட்டுப் போகிறார்கள். சதுர அடிக் கணக்கில் காசு.

இதை விரித்தால் தண்ணீர் உண்மையிலேயே வடிந்துவிடுமா? பணத்தைக் கட்டிவிட்டு அடுத்த மழையில் கையைப் பிசைவதை விட, முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஓட்டை இருக்கிறது, ஆனால்...

கடையில் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

"தண்ணி நிக்கவே நிக்காது சார். அடியில பூரா ஓட்டை இருக்கு பாருங்க" என்று கடைப் பையன் விரிப்பைத் திருப்பிக் காட்டுவான்.

"எங்க வீட்டு மண்ணு களிமண்ணாச்சே தம்பி?"

"அதெல்லாம் ஒரு பிரச்னையும் இல்ல சார். புல்லு போட்டா எல்லாம் கீழ இறங்கிடும்."

பையன் சொன்னதில் முதல் பாதி உண்மை. விரிப்பின் அடியில் ஓட்டைகள் இருக்கின்றன. எவ்வளவு பெரிய மழை பெய்தாலும் அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் கீழே இறங்கிவிடும்.

கீழே இறங்கிய தண்ணீர் எங்கே போகும்? அதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

காபி பில்டரை நினைத்துப் பாருங்கள். மேல் பாத்திரத்தில் ஓட்டை இருக்கிறது. ஆனால் கீழ்ப் பாத்திரம் நிரம்பி வழிந்தால் டிகாஷன் இறங்குமா? பிளாஸ்டிக் புல் என்பது மேல் பாத்திரம். கீழ்ப் பாத்திரம் உங்கள் வீட்டு மண்.

களிமண்ணின் குணம்

சென்னையின் மண் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. திருவான்மியூர், சாந்தோம், தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். கிண்டி, வேளச்சேரி பக்கம் கீழே பாறை. நகரின் பெரும்பகுதி களிமண்.

தி.நகர் இருக்கும் இடமே ஒரு காலத்தில் பெரிய ஏரி. 1920-களில் ஏரியை வடித்துவிட்டு அங்கே நகர் அமைத்தார்கள். ஏரி போனாலும் ஏரியின் அடி மண் எங்கும் போய்விடவில்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

களிமண்ணின் ஒரு துகள், ஒரு மில்லி மீட்டரில் 500-ல் ஒரு பங்கை விடச் சிறியது. துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள சந்து மிகமிகச் சிறியது. தண்ணீர் நுழைவது வெகு சிரமம்.

மணல் மண், மணிக்கு 30 மில்லி மீட்டருக்கு மேல் தண்ணீரைக் குடிக்கும். களிமண் குடிப்பது மணிக்கு 1 முதல் 5 மில்லி மீட்டர் வரைதான். ஊறிப்போய்விட்டால் அதுவும் குறையும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்புறம் 20 அடிக்கு 20 அடி காலி இடம். அதாவது 400 சதுர அடி. ஒரே நாளில் 10 சென்டி மீட்டர் மழை. வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்கு இது புதிதல்ல. 2015 டிசம்பர் 1-ந்தேதி மழையில் தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர் பதிவான ஊர் இது.

10 சென்டி மீட்டர் மழையில் அந்த 400 சதுர அடியில் விழும் தண்ணீர் சுமார் 3 ஆயிரத்து 700 லிட்டர்.

இதோடு முடிந்ததா? மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாக இறங்குவதும் அநேகம் வீடுகளில் இதே இடத்தில்தான். மாடி 800 சதுர அடி என்றால், அங்கிருந்து இன்னும் 7 ஆயிரத்து 400 லிட்டர். ஆக மொத்தம் 11 ஆயிரத்து 100 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்தது போல!

களிமண் மணிக்கு 2 மில்லி மீட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த இடம் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சுவது சுமார் 74 லிட்டர். ஐந்து பக்கெட் தண்ணீர். இந்த வேகத்தில் 11 ஆயிரம் லிட்டரும் இறங்க 150 மணி நேரம் ஆகும். ஆறு நாளுக்கு மேல்!

மேலே பிளாஸ்டிக் புல் விரித்தால் இந்த 150 மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது குறையுமா? குறையாது. தண்ணீர் கண்ணில் படாமல் புல்லுக்கு அடியில் நிற்கும். அவ்வளவுதான். காலை வைத்தால் 'சொதக்' என்று சத்தம் கேட்கும்.

மண்ணின் வாயை அடைக்கும் வேலை

இன்னொரு சங்கதியும் உண்டு. பிளாஸ்டிக் புல் விரிக்கும் முன் தரையைச் சமன் செய்து, நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். இல்லாவிட்டால் விரிப்பு மேடும் பள்ளமுமாகத் தெரியும்.

களிமண்ணை இடித்தால் என்ன ஆகும்? கொஞ்சநஞ்சம் இருந்த சந்தும் அடைந்துவிடும். முன்பு செடியின் வேர் போன வழியிலும், மண்புழு துளைத்த வழியிலும் சிறிதாவது தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. செடியைப் பிடுங்கி, மண்ணை இடித்து, மேலே பிளாஸ்டிக்கைப் போர்த்தினால் அந்த வழியும் மூடிப்போகும்.

அதாவது சரியான அடிவேலை இல்லாமல் புல்லை மட்டும் விரித்தால், தண்ணீர் முன்பு வடிந்ததை விட மெதுவாக வடியும் என்பதுதான் நிஜம்.

களிமண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். இரண்டு வருஷத்தில் விரிப்பின் ஒட்டுப் போட்ட இடங்கள் தூக்கிக்கொண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழும்பூரில் மட்டும் எப்படி?

"எழும்பூர் ஆக்கி ஸ்டேடியத்தில் இதே புல்தானே இருக்கு? அங்கே மட்டும் எப்படி மேட்ச் நடக்குது?" என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் செயற்கைத் தரையில்தான் ஆக்கி நடக்கிறது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்குக்குப் பிறகு உலக ஆக்கி மெல்ல மெல்ல இந்தத் தரைக்கு மாறிவிட்டது. ஆனால் அந்த மாதிரி மைதானங்களில் மேலே தெரியும் பச்சை விரிப்பு கடைசியாகப் போடுவது. அதற்குக் கீழே ஜல்லி, கெட்டியான தளம், கணக்காக எடுத்த வாட்டம், சுற்றிலும் வடிகால் எல்லாம் இருக்கும். தண்ணீரை வெளியேற்றுவது அந்த அடிவேலைதான்.

இன்னொரு வேடிக்கை. பிளாஸ்டிக் புல்லுக்கு உலகம் முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தது அமெரிக்காவில் உள்ள ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியம். கூரை போட்ட ஸ்டேடியம் அது. வெளிச்சம் போதாமல் உள்ளே இருந்த நிஜப் புல் செத்துவிட்டது. அதனால் 1966-ல் பிளாஸ்டிக் புல்லைப் போட்டார்கள். அதன் மேல் ஒரு சொட்டு மழை விழ வழியில்லை! தண்ணீர் தேங்குவதற்கு மருந்தாக வந்த சரக்கு அல்ல இது.

சரியாகச் செய்தால் பலன் உண்டு

பிளாஸ்டிக் புல் முழு ஏமாற்று வேலை என்று சொல்லிவிடவும் முடியாது. அடிவேலை ஒழுங்காக இருந்தால் சேறு இருக்காது. குழந்தைகள் விளையாடலாம். வெயிலே படாத, புல் முளைக்காத இடத்திலும் பச்சையாகத் தெரியும்.

அந்த அடிவேலை என்ன?

முதலில் வாட்டம். நூறு அடிக்கு ஓர் அடி வீதம் சரிவு வேண்டும். 20 அடி நீளத்துக்குச் சுமார் இரண்டரை அங்குலம். அந்தச் சரிவும் வீட்டுச் சுவரை விட்டு வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். ரசமட்டமோ, டியூப் லெவலோ வைத்துப் பார்க்காமல் கண் மதிப்பில் போட்டால் தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது, களிமண்ணுக்கு மேல் ஒரு வடிதுணி. களிமண் மேலே ஏறி ஜல்லியை அடைத்துவிடாமல் இது தடுக்கும். அதற்கு மேல் குறைந்தது நான்கு அங்குலம் ஜல்லி. ஜல்லி நடுவே ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய். அதற்கு மேல் மெல்லிய சிறு ஜல்லி. கடைசியில்தான் புல்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. அந்தக் குழாயின் மறுமுனை எங்கே போய் முடிகிறது?

பல இடங்களில் ஜல்லி வரை செலவு செய்துவிட்டு, குழாயை விட்டுவிடுகிறார்கள். 'ஜல்லி தண்ணீரை வாங்கிக்கும்' என்று சமாதானம் வேறு. 400 சதுர அடியில் நான்கு அங்குலம் ஜல்லி போட்டால் அதன் சந்துகளில் நிற்பது சுமார் ஆயிரத்து 200 லிட்டர். நாம் போட்ட கணக்கிலோ 11 ஆயிரம் லிட்டர்! களிமண்ணைத் தோண்டி ஜல்லி நிரப்பி, வெளியே போக வழி வைக்காவிட்டால் அது தொட்டி. தொட்டிக்கு மேல் பச்சைக் கம்பளம்.

சாக்கடை மூடியைத் திறக்கும் ஆசாமிகள்

சரி, குழாய் போட்டாகிவிட்டது. அதைத் தெருவில் விட்டால் என்ன?

விட்டால் எதிர்வீட்டுக்காரர் வாசலில் போய் நிற்கும். ஒரு வீடு விட்டால் தெரியாது. தெருவில் உள்ள அத்தனை வீடும் மண்ணை மூடிவிட்டுக் குழாயைத் தெருவுக்குத் திருப்பினால் தெருவே ஆறாகிவிடும். வீட்டுக்கு வீடு சிமெண்டும் டைல்ஸும் போட்டு ஏற்கெனவே பாதி அப்படித்தான் ஆகிவிட்டது.

இதைவிட மோசமானது பாதாள சாக்கடையில் மழைத் தண்ணீரை விடுவது. சென்னையில் மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. வடிகால் மாநகராட்சி பொறுப்பு. கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய், வீட்டில் குளிக்கிற, கழுவுகிற தண்ணீரைக் கணக்குப் பண்ணிப் போட்டது. மழைத் தண்ணீர் அதில் புகுந்தால் தாங்காது. தாழ்வான வீட்டின் கழிப்பறை வழியாக எதிர்த்துக்கொண்டு வரும்.

மழை நேரத்தில் இருட்டில் மேன்ஹோல் மூடியை நெம்பித் திறந்துவிடும் ஆசாமிகள் செய்யும் காரியம் இதுதான். இவர் வீட்டு வாசல் காய்கிறது. நாலு வீடு தள்ளி இருக்கும் கிழவியின் வீட்டுக்குள் சாக்கடை புகுகிறது. திறந்த மூடியில் தண்ணீருக்குள் தெரியாமல் யாராவது காலை விட்டால் உயிருக்கே ஆபத்து.

பின் என்னதான் வழி?

முதல் வழிக்குச் செலவு மிகக் குறைவு. மொட்டை மாடிக் குழாயைத் திருப்ப வேண்டும். மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். 11 ஆயிரத்து 100 லிட்டரில் 7 ஆயிரத்து 400 லிட்டர் மாடித் தண்ணீர். அதை வடிகட்டி சம்புக்கோ, உறைகிணற்றுக்கோ திருப்பிவிட்டால், முற்றத்தில் மிச்சம் 3 ஆயிரத்து 700 லிட்டர். ஆறு நாள் நிற்கும் தண்ணீர் இரண்டு நாளில் இறங்கிவிடும். புல்லும் வேண்டாம், ஜல்லியும் வேண்டாம்.

இது புதுசாகச் சொல்லும் யோசனையும் அல்ல. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது போட்ட குழாய் அநேகம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் மண்ணும் சருகும் அடைத்துக் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் கூலி போதும்.

இரண்டாவது வழி உறைகிணறு. மூன்று அடி அகலத்தில் 15 அடி ஆழத்துக்கு உறை இறக்கினால் அதுவே சுமார் 3 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். களிமண் அடுக்கைத் தாண்டிக் கீழே மணல் தட்டினால் தண்ணீர் மளமளவென்று இறங்கும். மேலே மூடி அவசியம். இல்லாவிட்டால் கொசுவும் வரும், குழந்தைகளுக்கும் ஆபத்து. சாக்கடைத் தண்ணீர் கலக்கவே கூடாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் தாழ்வான பகுதிகளில் மழை உச்சத்தில் உறைகிணறும் நிரம்பிவிடும். அந்த இடங்களில் மழைநீர் வடிகாலுக்கு முறைப்படி இணைப்பு வாங்குவதுதான் வழி.

மூன்றாவது வழி பாட்டி காலத்து வழி. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடத்தில் அந்தக் காலத்தில் வாழையும், கல்வாழையும், சேம்பும் வைத்தார்கள். அழகுக்காக மட்டும் வைக்கவில்லை. வேர் மண்ணை இளக்கும்; இலை தண்ணீரை இழுக்கும். சருகையும் மக்கிய எருவையும் வருஷா வருஷம் மண்ணில் கலந்து வந்தால் களிமண்ணும் மெல்ல இளகும்.

'ஒரு வண்டி மணல் கொட்டிக் கலந்துவிடலாம்' என்று சிலர் சொல்வார்கள். அரைகுறையாகக் கலந்தால் மண் செங்கல் மாதிரி இறுகிவிடும். உஷார்!

வெயிலும் குப்பையும்

மழை மூன்று மாதம். வெயில்?

பிளாஸ்டிக் புல் கோடை வெயிலில் 60 டிகிரிக்கு மேல் சுடும். நிஜப் புல் தண்ணீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. மே மாதத்துப் பகலில் குழந்தை வெறுங்காலோடு அதில் நிற்க முடியாது.

நாய் வளர்க்கும் வீடு என்றால் இன்னொரு தொல்லை. மூத்திரம் அடியில் தங்கி நாறும். அடிக்கடி கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரும் அதே களிமண்ணில்தான் நிற்கும்.

சில வருஷத்தில் நிறம் வெளுத்து, இழை உதிரத் தொடங்கும். உதிர்ந்த தூள் மழையோடு வடிகாலுக்குப் போகும். மக்காது. எரித்தால் நச்சுப் புகை. செயற்கைத் தரையில் தூவும் பிளாஸ்டிக் குருணைக்கு 2023-ல் ஐரோப்பிய யூனியன் தடை கொண்டுவந்தது. மாற்று ஏற்பாடு செய்துகொள்ள எட்டு வருஷ அவகாசம் கொடுத்திருக்கிறது. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2022-ல் தன் மலர்க் கண்காட்சிகளில் பிளாஸ்டிக் புல்லே கூடாது என்று சொல்லிவிட்டது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

உங்கள் மண் களிமண்தானா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பிடி ஈர மண்ணை எடுத்து விரல்களுக்கு நடுவே நாடா மாதிரி பிதுக்கவும். இரண்டு அங்குலத்துக்கு மேல் அறுந்து விழாமல் நீண்டால் களிமண்.

பிறகு ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பவும். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, கடிகாரத்தைப் பார்க்கவும். ஒரு மணி நேரத்தில் அரை அங்குலம் கூட இறங்கவில்லை என்றால் அந்த மண் தானாக வடிக்காது.

அதன்பிறகும் புல் வேண்டும் என்று தோன்றினால், வேலைக்கு வரும் ஆளிடம் இந்த ஐந்தையும் கேட்கலாம்:

1. வாட்டம் எந்தப் பக்கம்? எத்தனை அங்குலம்?

2. அடியில் எத்தனை அங்குலம் ஜல்லி? வடிதுணி உண்டா?

3. ஓட்டைக் குழாய் போடுவீர்களா? அது எங்கே போய் முடியும்?

4. மாடித் தண்ணீரை என்ன செய்யப்போகிறீர்கள்?

5. மழை பெய்து தண்ணீர் நின்றால் வந்து சரி செய்வீர்களா? அதை பில்லில் எழுதித் தருவீர்களா?

மூன்றாவது கேள்விக்கு ஆள் தலையைச் சொறிந்தால் அவரை அனுப்பிவிடலாம்.

தெருவும் பார்க்க வேண்டும்

எல்லாப் பழியையும் வீட்டுக்காரர் தலையில் போடுவதும் நியாயமில்லை. பழைய தாருக்கு மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, சென்னையில் எத்தனையோ தெருக்கள் வீட்டு வாசற்படியை விட உயர்ந்துவிட்டன. தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிற இடத்தில் எந்தப் புல்லாலும் ஒன்றும் செய்ய முடியாது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று அரசு 2021-ல் உத்தரவிட்டிருக்கிறது. தெருவில் தார் போட வண்டி வரும் அன்று, பழையதைச் சுரண்டினார்களா என்று பார்த்துக் கேட்பது தெருக்காரர்களின் வேலை.

அடுத்த மழை வரும்போது பத்து நிமிஷம் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பாருங்கள். தண்ணீர் மாடியிலிருந்து வருகிறதா, தெருவிலிருந்து வருகிறதா, வானத்திலிருந்து மட்டும்தான் வருகிறதா என்பது தெரிந்துவிடும். அதற்குச் சல்லிக்காசு செலவில்லை. கடைக்குப் போவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.